வெளிநாட்டில் கார் ஓட்டப் போகிறீர்களா? லைசென்ஸ் முதல் ஊர் திரும்பும் நாள் வரை முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் கார் ஓட்டப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "என் லைசென்ஸ் அங்கே செல்லுமா?" என்றுதான். அவசியமான கேள்வி, பதிலும் கீழே வருகிறது. ஆனால் உண்மையான ஆபத்து அங்கே இல்லை. புது நாட்டின் விதிகளை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். பத்து இருபது வருடங்களாகக் கையிலும் கண்ணிலும் ஊறிப்போன பழைய பழக்கம்தான் ஒரு நொடியில் காலை வாரிவிடும்.

எனக்கு அது நடந்தது பிரான்ஸில், ஒரு விடியற்காலையில். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவன் நான். வலப்பக்கம் ஓட்ட ஆரம்பித்து அன்றைக்கு மூன்றாவது நாள். முதல் இரண்டு நாள் பயத்தோடு ஓட்டியதால் ஒரு தவறும் வரவில்லை. அன்று கிராமச் சாலையோரம் இருந்த பெட்ரோல் பங்கில் எண்ணெய் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. கை தானாக இடப்பக்கத் தடத்துக்கு வண்டியைக் கொண்டுபோனது. நூறு இருநூறு மீட்டர் போயிருப்பேன், வளைவுக்கு அப்பால் ஒரு ஹெட்லைட் வெளிச்சம் மரங்களின் மேல் பட்டது. பக்கத்தில் இருந்த மனைவி "வலது! வலது!" என்று கத்தினாள். திருப்பிய அடுத்த சில நொடியில் ஒரு பால் லாரி எங்களைக் கடந்து போனது. இந்த வழிகாட்டியை எழுத அந்தக் காலைதான் காரணம்.

1. கிளம்பும் முன்பே முடிக்க வேண்டிய காகித வேலை

சர்வதேச ஓட்டுநர் அனுமதி, சுருக்கமாக ஐ.டி.பி., தனி லைசென்ஸ் அல்ல. உங்கள் சொந்த லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மட்டுமே. அதனால் ஐ.டி.பி.யை மட்டும் எடுத்துக்கொண்டு அசலை வீட்டில் வைத்துவிட்டுப் போனால், பல நாடுகளில் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு. இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

ஐ.டி.பி.யிலும் வகை உண்டு. 1949 ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுப்பது ஒரு வருடம் செல்லும். 1968 ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படி கொடுப்பது அதிகபட்சம் மூன்று வருடம், அதற்குள் அசல் லைசென்ஸ் காலாவதியானால் அதுவரை மட்டும். போகிற நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ஜப்பான் 1949 வகையை மட்டுமே ஏற்கும். சீனப் பெருநிலம் இரண்டையும் ஏற்காது. அங்கே உள்ளூரில் தற்காலிக லைசென்ஸ் வாங்காமல் ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

இதைக் கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்த நாட்டின் அரசு அலுவலகத்துக்கோ, அரசு அனுமதித்த அமைப்புக்கோதான் உண்டு. போய் இறங்கிய நாட்டில் வாங்க முடியாது. இணையத்தில் "பத்து வருடம் செல்லும் சர்வதேச லைசென்ஸ்" என்று அழகான அட்டை விற்கிறார்கள். மூன்று வருடத்துக்கு மேல் செல்லும் ஐ.டி.பி. எந்த ஒப்பந்தத்திலும் கிடையாது. அந்த அட்டையை நம்பி ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். லைசென்ஸ் செல்லவில்லை என்றால் இன்சூரன்ஸும் செல்லாது. அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம் அதில்தான் வரும்.

லைசென்ஸில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்றும் பார்த்துவிடுங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்றிருந்தால் வாடகை கார் கவுன்டரில் நிற்க வேண்டி வரும்.

2. வாடகை வண்டியை எடுக்கும்போது

சாவியைக் கொடுத்தவுடன் கிளம்பிவிடத் தோன்றும். இரவு நேர விமானத்தில் வந்து, குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தால் இன்னும் அவசரம் வரும். பத்து நிமிடம் கொடுங்கள். வண்டியைச் சுற்றி வந்து வீடியோ எடுங்கள்: நான்கு பக்கம், கூரை, கண்ணாடி, டேஷ்போர்டில் கிலோமீட்டர், எண்ணெய் முள். முக்கியமாக நான்கு சக்கரங்களின் ரிம். பழக்கமில்லாத பக்கம் ஓட்டுகிறவர்கள் நடைமேடை ஓரக் கல்லில் சக்கரத்தை உரசுவது சகஜம். ஆகவே உங்களுக்கு முன்னால் எடுத்தவரும் உரசியிருப்பார். ஒரு முறை என்னிடம் கேட்டார்கள், "இந்த ரிம் கீறல் உங்களுடையதா?" என்று. முதல் நாள் வீடியோவில் அந்தக் கீறல் அப்படியே இருந்தது. பேச்சு அதோடு முடிந்தது.

இன்சூரன்ஸில் இரண்டு கேள்வி கேளுங்கள். அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு எவ்வளவு வரை காப்பு? என் வண்டி சேதமானால் என் கையிலிருந்து எவ்வளவு? "முழு காப்பு" என்று சொல்லி விற்பதிலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி ஆகியவை விடுபட்டிருப்பது உண்டு. வேறு யாராவது ஓட்டப் போவதாக இருந்தால் அவர் பெயரும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். நாட்டு எல்லையைத் தாண்டுவதானால் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

குழந்தை இருக்கையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம் வரை கட்டாயம், ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 செ.மீ. வரை. மடியில் வைத்துக்கொண்டு போவது என்ற பேச்சே வேண்டாம். 50 கி.மீ. வேகத்தில் மோதினால் குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்தும் பலம் எந்தத் தாய் தகப்பனுக்கும் கிடையாது.

அப்புறம், என்ன எண்ணெய் என்று கேட்டு, மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். பம்பின் நிறத்தை நம்பாதீர்கள். ஐரோப்பாவில் பல இடங்களில் பச்சை என்றால் பெட்ரோல். ஜப்பானில் பச்சை என்றால் டீசல், சிவப்புதான் சாதாரண பெட்ரோல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் பெட்ரோலுக்கு வட்ட ஸ்டிக்கர், டீசலுக்குச் சதுர ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், அது நம்பகமான அடையாளம். தவறாகப் போட்டுவிட்டீர்களா? எஞ்சினை மட்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். தொட்டியைக் காலி செய்தால் போதும். ஓட்டிவிட்டால் எஞ்சின் வரை செலவு போகும்.

3. முதல் ஒரு மணி நேரம்

முடிந்தால் நீண்ட விமானப் பயணம் முடிந்த அன்றே ஓட்டாதீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் வேகமும் நிதானமும், ஐரோப்பாவின் பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு மது குடித்தவரின் நிலைக்கு வந்துவிடுகிறது. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு இரவு தங்கிவிட்டு, காலையில் வண்டியை எடுப்பது செலவல்ல.

எடுத்தவுடன் வாகன நிறுத்தத்திலேயே இரண்டு சுற்று சுற்றுங்கள். ஸ்டியரிங் மறுபக்கம் இருந்தால் கியர் அடுத்த கைக்கு வரும். க்ளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் மூன்றும் அதே வரிசையில்தான் இருக்கும், அது மாறாது. ஆனால் பல வண்டிகளில் இண்டிகேட்டரும் வைப்பரும் இடம் மாறியிருக்கும். வளைவில் வைப்பர் ஆடினால் பயப்படாதீர்கள், ஆனால் பின்னால் வருபவருக்கு நீங்கள் திரும்பப் போவது தெரியவில்லை என்பதை நினைவில் வையுங்கள். கியர் மாற்றும் கவலையே வேண்டாமென்றால் ஆட்டோமேட்டிக் கேட்டு வாங்குங்கள். மூளைக்கு ஒரு வேலை குறையும்.

வழிகாட்டும் செயலியில் முகவரியை நிற்கும்போதே போட்டுவிடுங்கள், குரலை ஏற்றி வையுங்கள். வண்டி 100 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 28 மீட்டர் போகிறது. ஃபோனை இரண்டு நொடி பார்த்தால் 55 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாக அர்த்தம்.

4. பக்கம் மாறும்போது கை செய்யும் தவறுகள்

உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இருக்கிறார்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா எல்லாம் இதில் சேரும். மற்றவை பெரும்பாலும் வலப்பக்கம். ஸ்வீடன் 1967 செப்டம்பர் 3 அன்று நாடு முழுவதும் ஒரே நாளில் இடத்திலிருந்து வலத்துக்கு மாறியது. சமோவா 2009 இல் வலத்திலிருந்து இடத்துக்கு வந்தது. நாடே மாறும்போது அறிவிப்பு, ஒத்திகை, போலீஸ் காவல் எல்லாம் உண்டு. விமானத்தில் வந்து இறங்கும் உங்களுக்கு அது எதுவும் கிடையாது.

நான் பிடித்துக்கொண்ட ஒரே விதி இது: ஓட்டுநரின் உடம்பு எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். அந்த நாட்டுக்கென்று செய்த வண்டியில், எந்த நாட்டிலும், இந்த ஒரு கணக்கு பொய்க்காது. நீங்கள் சாலை ஓரத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தால் தப்பான பக்கத்தில் இருக்கிறீர்கள். சொந்த வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனால் மட்டும் இது தலைகீழ். அப்போது ஹெட்லைட்டும் எதிரே வருபவரின் கண்ணைக் கூசும், அதற்கான ஒட்டுத்தாளை ஒட்ட வேண்டும்.

நெரிசலில் யாரும் பக்கம் தவற மாட்டார்கள். முன்னால் போகிற வண்டி வழி காட்டிவிடும். தவறு நடப்பது காலியான சாலையில். பெட்ரோல் பங்கிலிருந்து வெளியேறும்போது, ஹோட்டல் வாசலிலிருந்து காலையில் கிளம்பும்போது, ஒருவழிச் சாலை முடிந்து இருவழியில் சேரும்போது, யூ-டர்ன் அடித்த பிறகு, படம் எடுக்க ஓரங்கட்டிவிட்டு மீண்டும் ஏறும்போது. இந்த ஐந்து இடத்திலும் பிரேக்கை விடும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "வலப்பக்கம்." பக்கத்தில் இருப்பவரும் திரும்பச் சொல்லட்டும். டேஷ்போர்டில் ஒரு அம்புக்குறி ஒட்டி வையுங்கள். எங்கள் வண்டியில் அந்தப் பால் லாரிக்குப் பிறகு கடைசி நாள் வரை ஒரு மஞ்சள் காகித அம்பு இருந்தது.

சந்திப்பில் குறுக்கே திரும்புவது அடுத்த சிக்கல். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலது திருப்பம் சிறியது, ஓரத்தோடு ஒட்டிப் போகும். இடது திருப்பம் பெரியது, எதிர் வண்டிகளைத் தாண்டி, அகலமாக வளைந்து, அடுத்த சாலையின் வலப்பக்கத்தில் போய்ச் சேர வேண்டும். பெரிய திருப்பத்தைச் சின்னதாக வெட்டினால் எதிரே நிற்கிற வண்டியின் மூக்கில் போய் நிற்பீர்கள்.

இன்னொன்று, நடந்து போகும்போது. லண்டனில் சாலை ஓரத்திலேயே "வலப்பக்கம் பார்" என்று தரையில் எழுதி வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் வெளிநாட்டுக்காரர்கள் தப்பான பக்கம் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். காரில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் காரை நிறுத்திவிட்டு நடக்கும்போது பழைய கண் திரும்பி வந்துவிடும். இரண்டு பக்கமும், இரண்டு தடவை பாருங்கள்.

5. சந்திப்பில் யார் முதலில் போவது?

அடிப்படை விதி நாட்டுக்கு நாடு உண்மையிலேயே மாறுவது இங்கேதான்.

பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் போன்ற நாடுகளில் பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு முதல் வழி. நீங்கள் அகலமான தெருவில் போகலாம், அவர் சின்னச் சந்திலிருந்து வரலாம், அதெல்லாம் கணக்கில்லை. குடியிருப்புப் பகுதிகளில் இது அடிக்கடி வரும். சரிந்த சதுரமாக, வெள்ளைக் கரையோடு மஞ்சள் பலகை தெரிந்தால் நீங்கள் போகும் சாலைக்கு முன்னுரிமை. அதே பலகையில் கறுப்புக் கோடு குறுக்கே இருந்தால் முன்னுரிமை முடிந்தது, வலப்பக்கம் பார்க்க ஆரம்பியுங்கள்.

அமெரிக்கா, கனடா, தென்னாப்பிரிக்காவில் நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை வைத்த சந்திப்புகள் உண்டு. முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். அமெரிக்காவில் இருவர் ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கம் இருப்பவருக்கு வழி. "நிற்பது" என்றால் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். மெதுவாக உருட்டிக்கொண்டு போவது நின்றதாகாது.

ரவுண்டானா: வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் கடிகாரத் திசையில். பெரும்பாலும் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முதல் வழி. பாரிஸ் வெற்றி வளைவைச் சுற்றிய வட்டத்தில் மட்டும் உள்ளே நுழைபவருக்கு வழி, சுற்றுபவர் நிற்க வேண்டும். முதல் தடவை போகிறவர்கள் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

சிவப்பு விளக்கில் திரும்பலாமா? அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் முழுசாக நின்று, யாரும் வரவில்லை என்று பார்த்து, வலப்பக்கம் திரும்பலாம். நியூயார்க் நகரத்தில் பலகை அனுமதித்தால் ஒழியக் கூடாது. கனடாவில் மான்ட்ரியல் தீவில் கூடாது. ஜெர்மனியில் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் பச்சை அம்புப் பலகை இருந்தால் மட்டும், அதுவும் நின்ற பிறகு. இது தெரியாத நாட்டில் ஒரே முடிவு, பச்சை வரும்வரை நிற்பது. பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

ஹெட்லைட்டை மின்னி மின்னிக் காட்டுவதற்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு பொருள். பிரிட்டனில் பலர் "நீங்கள் போங்கள்" என்ற பொருளில் மின்னுவார்கள், அங்குள்ள நெடுஞ்சாலை விதிநூலோ "நான் இங்கே இருக்கிறேன்" என்று தெரிவிக்க மட்டுமே அதைப் பயன்படுத்தச் சொல்கிறது. வேறு பல நாடுகளில் "நான் நிற்கப் போவதில்லை, விலகு" என்பதுதான் அதன் அர்த்தம். ஆகவே விளக்கை நம்பி வண்டியை நகர்த்தாதீர்கள். எதிர் வண்டியின் சக்கரம் நின்றுவிட்டதா என்று பாருங்கள்.

6. பலகையும் வேகமும்

எழுத்து தெரியாத நாட்டிலும் பலகையின் வடிவம் பேசும். எட்டுப் பக்கம் என்றால் நில். பனி மூடினாலும், பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும் அந்த வடிவம் தெரியும். தலைகீழ் முக்கோணம் வழிவிடு. சிவப்பு வட்டம் கூடாது, நீல வட்டம் செய்தே ஆக வேண்டும். ஐரோப்பாவில் எச்சரிக்கை சிவப்புக் கரை முக்கோணம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மஞ்சள் நிறச் சரிந்த சதுரம். நீல வட்டத்தில் சிவப்புக் கோடு ஒன்று இருந்தால் நிறுத்தி வைக்கக் கூடாது, இரண்டு குறுக்கே வெட்டினால் ஆள் இறங்குவதற்குக்கூட நிற்கக் கூடாது. ஜப்பான் விதிவிலக்கு: அங்கே நில் என்ற பலகை சிவப்புத் தலைகீழ் முக்கோணம். பழக்கத்தில் அதை "வழிவிடு" என்று எடுத்துக்கொண்டால் தவறு. ரயில்வே கிராசிங்கில் கதவு திறந்திருந்தாலும் அங்கே முழுசாக நின்று பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும்.

வேகப் பலகையில் எண்ணை மட்டும் பார்க்காமல், மைலா கிலோமீட்டரா என்று பாருங்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் மைல். 30 என்றால் ஏறக்குறைய 48 கி.மீ., 70 என்றால் 112. வேல்ஸில் 2023 செப்டம்பரிலிருந்து குடியிருப்புச் சாலைகளில் பெரும்பாலும் 20 மைல்தான். ஐரோப்பாவின் பல நாடுகளில் ஊர்ப்பெயர்ப் பலகையே வேகப் பலகை. ஊர்ப்பெயரைத் தாண்டியவுடன் எண் எதுவும் எழுதாவிட்டாலும் 50 கி.மீ. ஆகிவிடும், பெயரின் மேல் குறுக்குக் கோடு போட்ட பலகை வந்தால் ஊர் முடிந்தது. இது தெரியாமல்தான் பலருக்குப் படத்தோடு அபராதம் வருகிறது.

பிரான்ஸின் விரைவுச்சாலையில் 130, மழை பெய்தால் 110. ஜெர்மனியின் ஆட்டோபானில் சில பகுதிகளில் உச்ச வேகம் இல்லை, 130 பரிந்துரை மட்டும். அங்கே இடது தடம் முந்துவதற்கு மட்டுமே. முந்தியவுடன் வலத்துக்கு வந்துவிட வேண்டும், வலப்பக்கமாக முந்தக் கூடாது. கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்த வண்டி இரண்டு மூச்சு விடுவதற்குள் பின்னால் வந்து நிற்கும். எண்ணெய் தீர்ந்து ஆட்டோபானில் நின்றாலும் அபராதம், தவிர்க்கக்கூடிய காரணம் என்பதால். போக்குவரத்து நெரிசலில் இடது ஓரத் தடம் இடப்பக்கமும் மற்ற தடங்கள் வலப்பக்கமும் ஒதுங்கி, ஆம்புலன்ஸுக்கு நடுவில் வழிவிட வேண்டும். சைரன் கேட்கும் முன்பே, நெரிசல் ஆரம்பித்தவுடனே.

சராசரி வேகம் பார்க்கும் கேமராக்களும் உண்டு. கேமராவைப் பார்த்ததும் பிரேக் போடுவது அங்கே உதவாது.

7. நடப்பவர், சைக்கிள், டிராம், பள்ளி பஸ்

கோடு போட்ட இடத்தில் கால் வைக்கப் போகிறவரைக் கண்டாலே நிற்கும் நாடுகள் பல. ஹாரன் அடித்து நகர்த்தும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். நெதர்லாந்தில் வலப்பக்கம் திரும்பும்போது உங்கள் பக்கத்தில் நேராகப் போகும் சைக்கிளுக்குத்தான் முதல் வழி. தோளுக்குமேல் திரும்பிப் பார்க்காமல் திரும்பாதீர்கள். கார்க் கதவை ஓரக் கையால் திறக்காமல், எட்டத்தில் இருக்கும் கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும்.

டிராம் நின்று கதவு திறந்திருந்தால், மேடை இல்லாத இடத்தில் ஆட்கள் நேராகச் சாலையில் இறங்குவார்கள். அதன் பின்னால் நில்லுங்கள். மெல்போர்னின் மையப் பகுதியில் வலப்பக்கம் திரும்ப, இடது ஓரத்தில் போய் நின்று, விளக்கு மாறிய பிறகு திரும்பும் சந்திப்புகள் இருக்கின்றன, டிராமுக்கு வழிவிடுவதற்காக. பலகையைப் பார்த்துக் குழம்பினால் நேராகப் போய்விட்டு அடுத்த தெருவில் சுற்றி வாருங்கள்.

அமெரிக்காவில் மஞ்சள் பள்ளி பஸ் சிவப்பு விளக்கு மின்ன நின்றால், பின்னால் வருபவரும் எதிரே வருபவரும் நிற்க வேண்டும். நடுவில் தடுப்பு உள்ள சாலையில் எதிர்ப்பக்கத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் விலக்கு உண்டு. பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து குழந்தை ஓடி வரும் என்பதற்காகவே வைத்த விதி. இதில் தவறு செய்யவே கூடாது.

8. மது

நாட்டுக்கு நாடு அளவு மாறும். இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம், ஸ்காட்லாந்திலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் 50, ஜப்பானில் 30, நார்வே ஸ்வீடனில் 20. ஹங்கேரி, செக் குடியரசு, ஸ்லோவாக்கியா, ருமேனியாவில் பூஜ்யம். ஜப்பானில் குடித்தவரோடு தெரிந்தே காரில் ஏறியவருக்கும், ஓட்டப் போகிறார் என்று தெரிந்தே ஊற்றிக் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஓட்டும் நாளில் ஒரு சொட்டும் வேண்டாம் என்றால் எல்லா நாட்டுக்கும் சரியாக இருக்கும். சளி, அலர்ஜி மாத்திரை சிலவற்றில் தூக்கம் வரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

9. வாசல் இல்லாத சுங்கச்சாவடிகள்

இத்தாலியின் பழைய நகரங்களின் மையத்துக்குள் அனுமதி இல்லாத வண்டி போகக் கூடாது. சிவப்பு வட்டப் பலகையும் கேமராவும் மட்டும் இருக்கும். தடுப்புக் கட்டை இருக்காது. வழிகாட்டும் செயலி சில சமயம் உள்ளேயே கூட்டிப் போய்விடும். மாதங்கள் கழித்து வீட்டுக்கு அபராதக் கடிதம் வரும், வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைக் கொடுத்ததற்குத் தனிக் கட்டணமும் பிடிக்கும். ஹோட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால் வண்டி எண்ணைப் பதிவு செய்து தரச் சொல்லி முன்பே கேளுங்கள்.

சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா விரைவுச்சாலைகளுக்கு முன்கூட்டியே கட்டணச் சீட்டு வாங்க வேண்டும். லண்டன் மையத்துக்கு நெரிசல் கட்டணம். டப்ளினைச் சுற்றும் எம் 50 சாலையில் வாகன எண்ணைக் கேமரா பிடித்துக்கொள்ளும். மறுநாள் இரவு 8 மணிக்குள் கட்டிவிட வேண்டும். வண்டி எடுக்கும்போதே, "இந்த ஊரில் கேமராவில் பிடிக்கும் கட்டணம் எது, அதை யார் கட்டுவது?" என்று கேட்டு வையுங்கள்.

10. ஊருக்கு வெளியே

மலைச் சாலையில் இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே போகாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். சூடேறிய பிரேக் பிடிக்காது. ஒதுங்க இடமில்லாத இடத்தில் பொதுவாக ஏறுகிறவருக்கு வழி. சுவிஸ் மலைச் சாலைகளில் மஞ்சள் தபால் பஸ்ஸுக்கு முன்னுரிமை. அதன் ஓட்டுநர் உங்களை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். நியூசிலாந்திலும் ஐஸ்லாந்திலும் ஒரே வண்டி போகும் பாலங்கள் நிறைய, தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து எதிர்ப்பக்கம் பாருங்கள்.

அந்தி நேரம் விலங்குகளின் நேரம். ஆஸ்திரேலியாவில் கங்காரு, ஸ்வீடனில் எல்க் எனும் பெரிய மான், ஓமானில் ஒட்டகம். எல்க்குக்கும் ஒட்டகத்துக்கும் கால் நீளம். மோதினால் அதன் உடம்பு நேராக முன்கண்ணாடிக்கு வரும். அதனால் அங்கெல்லாம் இருட்டும் முன் சேர்ந்துவிடும்படி திட்டமிடுவது நல்லது. ஐஸ்லாந்திலும் மற்ற நார்டிக் நாடுகளிலும் பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும்.

11. போலீஸ், விபத்து

அமெரிக்காவில் போலீஸ் வண்டி பின்னால் வந்து விளக்கைப் போட்டால், வலது ஓரமாக நிறுத்தி, காரிலேயே உட்கார்ந்து, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். காகிதத்தை எடுக்கப் பையில் கைவிடும் முன் சொல்லிவிட்டு எடுங்கள். ஜெர்மனியில் போலீஸ் வண்டி உங்களை முந்தி, "பின்னால் வா" என்று எழுத்து ஓடவிடும். அதன் பின்னால் போய் நிறுத்த வேண்டும். அபராதம் அங்கேயே கட்டச் சொன்னால் ரசீது கேளுங்கள். பணத்தை மடித்து நீட்டும் எண்ணமே வராமல் இருக்கட்டும், பல நாடுகளில் அதற்கு நேராகச் சிறை.

விபத்து நடந்தால் முதலில் எச்சரிக்கை விளக்கு. ஒளிரும் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். ஆகவே சட்டை டிக்கியில் இல்லாமல் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லோரையும் சாலைத் தடுப்புக்கு அப்பால் கொண்டுபோங்கள். முக்கோணம் வைக்கச் சொல்லும் நாடுகள் உண்டு. பிரிட்டனின் விரைவுச்சாலையிலோ வைக்கப் போகக் கூடாது, நடந்து போவதே ஆபத்து என்பதால். அப்புறம் அழையுங்கள்: ஐரோப்பாவில் 112, அமெரிக்கா கனடாவில் 911, ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111, ஜப்பானில் போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119.

ஐரோப்பாவில் இரு தரப்பும் சேர்ந்து நிரப்பும் பொதுவான விபத்துப் படிவம் ஒன்று உண்டு. எந்த மொழியில் இருந்தாலும் கட்டங்கள் ஒரே வரிசையில் இருக்கும். தெரிந்த மொழியில் ஒன்றை அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பலாம். புரியாத வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். ஜப்பானிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சின்னக் கீறலுக்கும் போலீஸில் சொல்லியாக வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் ஜப்பானில் இன்சூரன்ஸ் கிடைக்காது, அமீரகத்தில் பட்டறையில் வண்டியைத் தொட மாட்டார்கள்.

12. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு

தாய்லாந்திலும் பாலியிலும் கடற்கரை ஊர்களில் காகிதம் கேட்காமலே ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்துவிட்டதால் சட்டப்படி ஓட்டலாம் என்று பொருளாகாது. உங்கள் லைசென்ஸிலும் ஐ.டி.பி.யிலும் இருசக்கர வாகனத்துக்கான முத்திரை தனியாக இருக்க வேண்டும். கார் லைசென்ஸை மட்டும் வைத்து ஓட்டி விழுந்தால், அல்லது ஹெல்மெட் இல்லாமல் விழுந்தால், பயணக் காப்பீடு மருத்துவமனைச் செலவைக் கொடுக்காமல் போகலாம். எலும்பு முறிந்து அயல்நாட்டு மருத்துவமனையில் படுத்திருக்கும்போது அந்தக் கடிதம் வரக் கூடாது.

13. அங்கேயே தங்கிவிட்டால், ஊர் திரும்பினால்

சுற்றுலாவுக்கு உள்ள சலுகை குடியேறியவருக்கு இல்லை. ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து 6 மாதம், பிரிட்டனில் 12 மாதம் வரைதான் பழைய லைசென்ஸில் ஓட்டலாம். கலிஃபோர்னியாவில் குடியேறியவர் 10 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சில நாட்டு லைசென்ஸைப் பரீட்சை இல்லாமல் மாற்றித் தருவார்கள், பல நாட்டினர் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுத வேண்டும். காலக்கெடு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள், தேர்வுத் தேதி கிடைக்க நாளாகும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் உள்ளூர் ஆசிரியரிடம் நாலு வகுப்பு போங்கள். உங்கள் கைக்கே தெரியாமல் இருக்கிற பழக்கத்தை அவர் கண் பிடித்துவிடும்.

திரும்பும் நாளில், வண்டியை ஒப்படைக்கும்போதும் வீடியோ எடுத்து, ஆறு மாதமாவது அதை அழிக்காமல் வைத்திருங்கள். அப்புறம், சில மாதம் வெளியில் ஓட்டிவிட்டு வந்தவருக்குக் கை இப்போது அந்த ஊர்ப் பக்கம் பழகியிருக்கும். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வேறு யாராவது ஓட்டட்டும். மறுநாள் காலை, தெரு காலியாக இருக்கும்போது, வாசலிலிருந்து வண்டியை எடுக்கும் முன் அந்த மஞ்சள் காகித அம்பை மறுபக்கம் திருப்பி ஒட்டிக்கொள்ளுங்கள்.